கல்லைப் புதைத்தவர்களே கல்லைக் கேட்கிறார்கள்

ஐயா,

போன மாதம் மழைநீர் வடிகால் வேலைக்கு அளவெடுக்க வந்தவர்கள், கேட்டைத் திறந்து உள்ளே வந்து வாசல் சிமென்ட் தரையில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்கள். "இதுவரைக்கும் ரோடு பெரியவரே" என்றார்கள். என் மனைவி வைத்த துளசி மாடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நோட்டீஸ் எதுவும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம்கூட முதலில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேள் என்றுதான் சொல்கிறது.

நான் தச்சு வேலை பார்த்தவன். அவர்கள் போனதும் டேப்பை எடுத்தேன். மதிலிலிருந்து கோடு இரண்டே முக்கால் அடி, முகப்பு நாற்பது அடி. 110 சதுர அடி, அதாவது கால் சென்ட். 1986-இல் 40-க்கு 60 மனையாகக் கிரயம் வாங்கிய இடம் இது. நகர நில அளவைப் பதிவேட்டில் 223 சதுர மீட்டர். மாற்றிப் பார்த்தால் பத்திரத்தில் உள்ள அதே 2,400 சதுர அடி.

எங்கிருந்து அளந்தீர்கள் என்றால், ரோட்டின் நடுவிலிருந்தாம். எதிர் வரிசைக் கடைகள் ஒவ்வொன்றாகப் படியை இறக்க, தார் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அந்தத் தாருக்கு நடு பிடித்தால் கோடு என் வாசலுக்குள்தான் விழும். (கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தினமும் அங்கேதான் டீ குடிக்கிறேன்.)

மனு கொடுத்து, பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்தேன். நல்ல பையன். புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவுகள் குறித்த சர்வே வரைபடத்தை, விரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, மூலைக்கல் எங்கே? காட்டினால் அளந்துவிடலாம்" என்றார். எங்கே காட்டுவது? மதிலை ஒட்டி வெளியே நின்ற கல் அது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, என் வீட்டுப் படி மூன்றில் இரண்டு உள்ளே போய்விட்டது. கல் அதற்கும் கீழே. ரோடு போட்டதும் அவர்கள், இப்போது கல் எங்கே என்பதும் அவர்கள். 1923 நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லைக்கல்லைப் பராமரிக்க வேண்டியது பட்டாதாரராம். என் கல்லைப் பராமரிக்க நகராட்சித் தாரை நான் கடப்பாரையால் பெயர்த்தால் சும்மா விடுவார்களா?

ஒரு கல் மறைந்தால் புலப்படத்தில் உள்ள அளவை வைத்து மற்ற கற்களிலிருந்து அதன் இடத்தைப் பிடித்துவிடலாம் என்று அந்தச் சர்வேயரே சொன்னார். தெருக்கோடி அரச மரத்தடியில் ஒன்று இன்னும் நிற்கிறது. பள்ளிக்கூட மூலையில் இன்னொன்று. ஆனால் அதற்கு வருவாய்த் துறையும் நகராட்சியும் ஒரே நாளில் சேர்ந்து வரவேண்டும். இரண்டு முறை தேதி சொன்னார்கள், இரண்டு முறையும் ஒரு தரப்பு வரவில்லை.

வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நிற்பவன் நானும்தான். அளந்த பிறகு என் மதில் ரோட்டில் இருப்பது உண்மையானால் நானே இடித்துக் கொடுக்கிறேன். ஜேசிபி வருவதற்கு முன் சர்வேயரின் அளவுச் சங்கிலி வரட்டும் என்றுதான் கேட்கிறேன். பிடிக்க ஆள் போதவில்லை என்றால் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்
(பெயரும் தெருவும் வெளியிட வேண்டாம்)