வெள்ளை ரீ-சேர்ட் வாங்குகிறவருக்கும் அளவு தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

படம் இல்லாத, எழுத்து இல்லாத, பொக்கற்றும் இல்லாத வெறும் வெள்ளை ரீ-சேர்ட் ஒன்று, ஆண் ஒருவருக்கு. தோளில் சரியாக நிற்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது. நாலைந்து தரம் தோய்த்த பிறகும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும். கொழும்பில் இதைத் தேடி எடுப்பது ஏன் இவ்வளவு பாடாக இருக்கிறது என்று கடைக்காரர்களிடமும், உள்ளூர்ச் சந்தைக்கு உடுப்புத் தைக்கும் முதலாளிமாரிடமும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்க விரும்புகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் இருப்பவள். கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் பனியன் துணி உடுப்புகள் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் கியூ.சி. ஆக, அதாவது தரம் பார்ப்பவளாக, வேலை செய்தேன். 1978இல் தொடங்கிய அந்த வலயத்தில் என்னைப் போல எத்தனையோ பெண்கள் தங்கள் இளமையைச் செலவழித்திருக்கிறார்கள். இன்று இந்த நாடு ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் உடுப்பு ஏற்றுமதி செய்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும்கூட எங்கள் பிள்ளைகள் வெளிநாட்டுப் பெரிய பெயர்களுக்குத் தைக்கிறார்கள். ஆகவே இங்கே கைத்திறன் இல்லை, அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்றுமதிக்குப் போகும் வெள்ளை ரீ-சேர்ட் எப்படி வெளியே போகிறது என்று சொன்னால் என் ஆதங்கம் விளங்கும். துணி றோல் வந்தவுடன் வெட்ட மாட்டார்கள். சுற்றும்போது பனியன் துணி இழுபட்டிருக்கும். அதை அவிழ்த்துத் தளர்வாகப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டு வைத்த பிறகுதான் வெட்டு மேசைக்கு எடுப்பார்கள். அவசரம் என்று அந்த ஒரு நாளைக் குறைத்தால், வாங்கியவர் வீட்டில் முதல் தோய்ப்பிலேயே நீளம் குறைந்துவிடும். தைத்து முடிந்த பிறகு எங்கள் வேலை. 1201இலிருந்து 3200 வரை பீஸ் உள்ள ஒரு லொட் என்றால் அதிலிருந்து 125ஐ எடுத்து மேசையில் விரிப்போம். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.கியூ.எல். 2.5 என்ற கணக்கில், அந்த 125இல் ஏழு குறை வரை லொட் பாஸ். எட்டாவது குறை அகப்பட்டால் முழு லொட்டும் திரும்பிப் போக வேண்டும். நெஞ்சளவைக் கமக்கட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வைத்து எடுப்போம். நீளத்தைக் கழுத்தோரத் தோள் உச்சியிலிருந்து எடுப்போம். ஓர் எண்ணெய்ப் பொட்டு, ஒரு தையல் தாவல், கழுத்துப் பட்டியில் ஒரு சுருக்கம், எதையும் விட மாட்டோம்.

இந்தக் கவனம் எல்லாம் லண்டனில் வாங்குகிறவருக்குக் கிடைக்கிறது. புறக்கோட்டையில் வாங்கும் என் கணவருக்கும் மகனுக்கும் கிடைப்பதில்லை.

என் கணவர் ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். ஐந்தடி நாலங்குலம் உயரம், நெஞ்சு 40, கொஞ்சம் வயிறும் உண்டு. வேலை முடிந்து வந்து குளித்தால் அவருக்குச் சாரமும் வெள்ளை ரீ-சேர்ட்டும்தான். மகன் ஐந்தடி ஒன்பது, நெஞ்சு 36. ஹோட்டல் சமையலறையில் பழகுநராகச் சேர்ந்திருக்கிறான், மேலங்கிக்கு உள்ளே தினமும் வெறும் வெள்ளைதான் போட வேண்டும். லார்ஜ் எடுத்தால் கணவருக்கு நெஞ்சு சரி, ஆனால் நீளம் தொடை வரை இறங்கும், கை முழங்கையைத் தொடும். மகனுக்கு மீடியத்தில் தோள் தையல் கையில் தொங்குகிறது. ஸ்மோல் எடுத்தால் தோள் சரி, ஆனால் மேல் தட்டில் இருப்பதை எடுக்கக் கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறது. இவர்கள் இருவரும் அபூர்வமான உடம்புக்காரர்கள் அல்லர். எங்கள் ஒழுங்கையில் இறங்கிப் பார்த்தால் ஆண்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருப்பார்கள்.

நல்ல அளவு எது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கை புயத்தின் நடுவில் முடிய வேண்டும். நெஞ்சில் உடம்பின் சுற்றளவைவிட மூன்று, நாலு அங்குலம் கூட இருந்தால் போதும். நீளம் பெல்ட்டை நன்றாக மூடி, காற்சட்டைச் சிப்பின் பாதியில் நிற்க வேண்டும். அதைப் போட்டுப் பார்க்க விட்டால்தானே தெரியும்? வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் மகனோடு போய்க் கேட்டபோது அங்கே நின்ற பிள்ளை, “வெள்ள உடுப்பு ஃபிட்-ஒன் போட ஏலா அன்ட்டி, ஊத்தையாகிடும்” என்றாள். அவளில் பிழை இல்லை, சொல்லி வைத்ததைச் சொல்கிறாள். கொழும்புப் புழுக்கத்தில் பஸ்ஸில் இருந்து இறங்கி வருகிறவர் வெள்ளையைப் போட்டுக் கழற்றினால் கழுத்தில் அடையாளம் விழத்தான் செய்யும். ஆனால் வழி இருக்கிறது. ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸை விற்பனைக்கு அல்லாமல் மாதிரியாக வைத்திருங்கள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, உறை பிரிக்காத புதியதை வாங்கிப் போகட்டும். மாதிரி ஊத்தையானால் தோய்த்துப் போடலாம். ஒரு சைஸுக்கு ஒரு பீஸ் போனால் எந்தக் கடையும் நட்டப்படாது.

அளவு சரி வந்தாலும் துணி கைவிடுகிறது. ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறோம். வெள்ளையில் 140, 150 என்றால் உள்ளே இருக்கும் பெனியனின் கரை வெளியே தெரியும். 180 முதல் 200 வரை இருந்தால் மறைக்கும், எங்கள் வெயிலுக்கும் தாங்கலாம். 220க்கு மேலே போனால் கொழும்பில் வேர்வைதான். இந்த எண் பெரும்பாலான உறைகளில் போடப்படுவதில்லை. ஆகவே வாசகர்கள் கடையில் கையை உள்ளே விட்டு ஒற்றைத் துணிக்குள் விரித்துப் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு கழுத்தைப் பாருங்கள். பட்டியை வெட்டும்போது கழுத்து வட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் அது கழுத்தோடு ஒட்டி நிற்கும். அளவுக்கு அளவு வெட்டித் தைத்தால் வேலை சுலபம், ஆனால் இரண்டு மாதத்தில் பட்டி வாய் பிளந்துவிடும். பின் கழுத்தில் உள்பக்கம் ஒரு நாடா வைத்துத் தைத்திருந்தால் தைத்தவர் அக்கறைக்காரர் என்று நம்பலாம். கீழ் மடிப்பை இரண்டு கையாலும் இலேசாக இழுத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். தையல் ஓரமாகக் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால், முனை மழுங்கிப்போன ஊசியால் தைத்து நூல் கண்ணி அறுந்திருக்கிறது. தோய்க்கத் தோய்க்க அது பெருக்கும். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி போட்டு நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஊசி என்ன விலை?

என்னை மிகவும் வருத்துவது முறுக்கு. தோய்த்துக் காயப்போட்டு எடுத்தால் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்கிறதே, அது. நூலில் இருக்கும் முறுக்கு துணி நனைந்ததும் அவிழப் பார்க்கும், அப்போது துணி முழுக்க ஒரு பக்கமாகத் திரும்பும். நல்ல நூல் எடுத்து, துணியைச் சரியாகப் பதப்படுத்தி, நேர் பார்த்து வெட்டினால் இதைப் பெரும்பாலும் அடக்கலாம். செலவைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். வாங்கும் முன் இரண்டு பக்கத் தையலையும் ஒன்றோடொன்று சேர்த்து மடித்துப் பாருங்கள். கீழ் விளிம்பு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சாய்ந்தால் அது முறுக்கும்.

நூறு வீதம் பருத்தி என்று எழுதியதை நம்பி வாங்கிய ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. போட்ட அன்றே மகன், “அம்மா, அடுப்பு பக்கத்துல நிக்க முடியல” என்றான். உள் மடிப்பில் ஒரு நூலை இழுத்து நெருப்புக் காட்டினேன். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணம் வரும், சாம்பல் உதிரும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாக ஒரு மணி போலக் கெட்டியானது. பொலியெஸ்டர் கலந்த துணி. கலப்பதில் குற்றம் இல்லை, விலையும் குறையும், சீக்கிரம் காயவும் செய்யும். ஆனால் கலந்ததைக் கலந்தது என்று எழுத வேண்டும். அடுப்பின் அருகில் பத்து மணி நேரம் நிற்கிறவனுக்கு அது உடம்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏற்றுமதியில் மிஞ்சியதை வாங்குங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நானும் அவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பேன், லேபல் வெட்டியிருந்தாலும் தையலைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவேன். நல்லவை இருக்கின்றன. ஆனால் அவை வெளிநாட்டு உடம்புக்கு வெட்டியவை. அதோடு இன்று மீடியம் இருந்தால் அடுத்த கிழமை அந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கும். தினமும் வெள்ளை போடுகிறவருக்கு ஒரே மாதிரி ஐந்தாறு வேண்டும், ஒன்று பழுதானால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கவும் வேண்டும்.

வலயத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்கென்றே அமைந்தவை, உள்ளூரில் விற்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதை நான் அறிவேன். அதனால் என் வேண்டுகோள் உள்ளூர்ச் சந்தைக்குத் தைப்பவர்களுக்கே. வலயத்தில் வேலை செய்து விலகிய, பற்றன் (வெட்டு மாதிரி) வெட்டுபவர்களும் தையல்காரிகளும் கொழும்பிலும் கம்பஹாவிலும் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, எங்கள் ஆண்களின் உடம்பை அளந்து, புதிதாக ஒரு பற்றன் போடுங்கள். ஒரே நெஞ்சளவில் கட்டை, நீளம் என்று இரண்டு நீளம் வைத்தாலே என் கணவரைப் போன்றவர்களின் பிரச்சினை தீரும். அது ஒரு தரம் செய்கிற வேலை, பிறகு வருஷக்கணக்கில் அதையே வெட்டலாம்.

இன்னொன்று லேபல். தண்ணீர்ப் போத்தலுக்கு எஸ்.எல்.எஸ். என்ற தரச்சான்று இலக்கம் பார்க்கப் பழகிவிட்டோம். உடுப்பின் லேபலில் நூல் வகை, ஜி.எஸ்.எம்., சென்ரிமீற்றரில் விரித்து வைத்த நெஞ்சகலம், நீளம் என்ற நாலும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்று இலங்கை கட்டளைகள் நிறுவனமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் வியாபாரிகளோடு பேசலாம். அந்த அதிகாரசபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வாங்குகிறவரைக் காப்பதற்கு என்றுதானே வந்தது? பருத்தி என்று சொல்லிக் கலப்பை விற்றால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமான பிறகு ஆயிரம், இரண்டாயிரம் ரூபா என்பது சம்பளக்காரர் வீட்டில் யோசித்துக் கொடுக்கும் காசு. மூன்று மாதத்தில் தரை துடைக்கப் போகும் உடுப்புக்கு அதைக் கொடுக்க மனம் வராது.

தோய்ப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கமக்கட்டு மஞ்சளாகிறது என்று குளோரின் ஊற்றாதீர்கள். வேர்வையை அடக்கும் பூச்சில் இருக்கும் அலுமினியமும் வேர்வையும் சேர்ந்துதான் பெரும்பாலும் அந்த மஞ்சள் வருகிறது, குளோரின் அதைக் கூட்டவே செய்யும். இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் உள்ள இடங்களில் வெள்ளையைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது நல்லது.

நான் கேட்டபடி அளவெழுதி, போட்டுப் பார்க்கவும் விட்டு, தொடர்ந்து ஒரே தரத்தில் வெள்ளை ரீ-சேர்ட் விற்கும் உள்ளூர்க்காரர் கொழும்பில் யாராவது ஏற்கெனவே இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு மாத்திரம் ஒரு டசின் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆடைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.