கரண்ட் வச்ச ஆளிட்டயும் கேளுங்கோ

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரில ஈ.சி.ரி. (கடும் மனச்சோர்வு மாதிரி வருத்தங்களுக்கு மூளைக்குக் கரண்ட் வச்சு வலிப்பு வரப்பண்ணுற வைத்தியம்) பற்றி வந்த கட்டுரைய வாசிச்சன். பயப்பிடத் தேவையில்ல எண்டு டொக்டர் எழுதினது சரி, நானும் அதைத்தான் சொல்லுவன், ஆனா அதோட கதை முடியேல்ல.

சித்தப்பா செத்த பிறகு எங்கட சித்தி சாப்பாடு தண்ணி எல்லாத்தையும் விட்டுட்டு கதை பேச்சில்லாம கிடந்தா, குளிசையளுக்கும் ஒண்டும் நடக்கேல்ல, கடைசியில கரண்ட் வைப்பம் எண்டோடன வெள்ளவத்தை வீட்டில ஒரே அழுகை, படங்களில காட்டுற மாதிரி கட்டிவச்சு துடிக்க விடுவினம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. இந்த வைத்தியத்தை 1938ல ரோமில தொடங்கேக்க மயக்க மருந்து குடுக்கேல்லத்தான். இப்ப மயக்க ஊசியும் தசையைத் தளத்துற ஊசியும் போட்டுத்தான் செய்யினம், வலிப்பு அநேகமா ஒரு நிமிசத்துக்குள்ள அடங்கிடும். கொஞ்ச நாளில சித்தி தானாவே பிளேன்ரீ கேட்டா. எங்களுக்கு அது போதும்.

அவவுக்குப் போதாது. கரண்ட் வச்ச பிறகு சில பழைய விசயங்கள் அவவுக்கு ஞாபகமில்ல. பேத்திட சாமத்தியவீட்டு அல்பத்தைப் பாத்து "இது எப்ப நடந்தது, நானும் நிக்கிறன்" எண்டு கேக்கிறா. உயிர் தப்பினதே பெரிசு எண்டு நாங்கள் வாயடைச்சிடுவம். கிளினிக்கில கேக்கிறதும் எங்களிட்டத்தான், சாப்பிடுறாவா நித்திரை கொள்ளுறாவா எண்டு, அவ பக்கத்தில சும்மா இருப்பா.

2003ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில ஒரு ஆய்வு வந்தது, ஈ.சி.ரி. எடுத்த நோயாளியள் சொன்னதுகளையே சேத்துப் பாத்தது. குறைஞ்சது மூண்டில ஒரு பங்கு ஆக்கள் ஞாபகம் போனது திரும்பி வரேல்ல எண்டு சொல்லியிருக்கினம். சிகிச்சை முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரிக்குள்ளயே வச்சு டொக்டர்மார் கேட்டா திருப்தி எண்டுதான் கூடுதலா சொல்லினமாம், காலம் போய் வேற ஆக்கள் கேட்டா பதில் வேற. பின்ன, மருந்து எழுதுறவருக்கு முன்னால ஆர்தான் குறை சொல்லுவினம்?

இதுக்காக ஈ.சி.ரி. வேண்டாம் எண்டு ஆரும் எடுக்காதேங்கோ. சித்தியே சொல்றா, திரும்ப வருத்தம் வந்தா வையுங்கோ, ஆனா முதல்ல எனக்கு விளங்கச் சொல்லுங்கோ எண்டு. அண்டைக்குக் கையெழுத்து வாங்கின பேப்பர் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும்தான் இருந்தது, ஞாபகம் போகலாம் எண்டு நேர்ஸ் ஒராள் போற போக்கில சொன்னதோட சரி (எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுதேல்ல, அங்க இருக்கிறவையும் நல்லாத்தான் பாத்தவை). அந்தப் பேப்பர் தமிழிலயும் வேணும். ஆறு மாசம் கழிச்சு எங்களை வெளியில இருத்திப்போட்டு சித்திட்ட தனியக் கேக்க தமிழ் தெரிஞ்ச ஒராளும் வேணும்.

வாசகி,
கொழும்பு 06