செயலாளர் ஆண்டறிக்கை: பிரிவு 17 நிலமும் நம் மனுக்களும்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நம்மை வாட்டுவது பட்டா இல்லாத நிலம்தான். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசிடம் நேரடியாகப் பட்டா பெறும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969ல் சட்டம் இயற்றி, 1974ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 80 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் ஒரு பகுதிக்குப் பட்டா கிடைத்தது, ஒரு பகுதி காடாக அறிவிக்கப்பட்டது. தோட்டக் குத்தகை பற்றிய அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியதுதான் நம் தலைமேல் இருக்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில்தான் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பை 2007ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தந்தார்கள். அது நாட்டுக்கே வழிகாட்டியது. நாமோ வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு இந்த ஆண்டும் மனு கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை விடவே கூடாது.

காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே குழப்பம் இருக்கிறது. பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13க்கு முன் அனுபவத்தில் இருந்தாலே போதும். மற்றவர்கள் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறை, குடியிருந்ததைக் காட்ட வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களால் அதைக் காட்ட முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே மனு என்ற பேச்சை விட்டுவிடுவோம். பழங்குடியினரான பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களின் மனு கிராம சபை வழியாக முதலில் போகட்டும். அதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நம்மை அவர்களுக்கு எதிராக நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் லாபம்.

ஆதாரம் என்றால் தாள் மட்டுமல்ல. பழைய கிணறு, இடுகாடு, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றையும் வன உரிமை விதி ஏற்கிறது. இந்த ஆண்டு வாக்குமூலங்களை எழுதி வாங்கத் தொடங்கியிருக்கிறோம். வயதானவர்கள் இருக்கும்போதே மீதியையும் எழுதிவிட வேண்டும். கையெழுத்துத் தெளிவாக உள்ள இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.

அப்புறம், மரம். கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் 1996 டிசம்பர் 12ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, ஆவணத்தில் காடு என்று இருந்தால் நிலம் யாருடையதானாலும் அது வனம்தான். அனுமதி இல்லாமல் ஒரு மரத்தையும் தொட வேண்டாம். வெறும் முத்திரைத்தாளில் நிலம் வாங்கவும் வேண்டாம்.

சந்தா பாக்கி நிறைய இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.