கசிந்த பிரேக் ஹோஸை மாற்றியது பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் இங்கே வாங்கிய பழைய காரைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். வேலை பார்க்கும் இடம் வெகு தொலைவு. இரவுப் பணி முடியும் நேரத்துக்குப் பேருந்தும் கிடையாது. கார் இல்லாமல் இங்கே பிழைப்பு ஓடாது. அந்தக் காரில் முன்சக்கரத்துப் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், கசியத் தொடங்கியது. இந்த நாட்டில் பொருளைவிடக் கூலிதான் அதிகம் என்பதால், ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்கள் இத்தகைய வேலைகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன். உங்கள் வண்டியும் வயதானது, அதில் இன்னும் பழைய ஹோஸ்களே இருக்கக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெடலில்தான் தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது, அழுத்திப் பிடித்திருந்த பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போயிற்று. பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் சிறிது குறைவது இயல்பு; திடீரென்று இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டே வண்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். திரவம் அமுங்காது என்ற ஒரே குணத்தை நம்பித்தான் அந்தப் பிரேக் முழுவதும் இயங்குகிறது. கசிந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டால், நாம் மிதிக்கும் விசை காற்றை அமுக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால், ஒன்று வற்றினாலும் மற்றது ஓரளவு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி நிற்க ஆகும் தூரம் மிகவும் கூடிவிடும். ஆகவே காரை அன்றே ஓரமாக நிறுத்திவிட்டு, உடன் வேலை செய்பவரின் வண்டியில் போய்வந்தேன்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டிக்கடியில் ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் உட்புறம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டால் வழுக்கியது. ஹோஸ் நேராகத் தொங்கியபோது வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து, ஹோஸை வளைத்துப் பார்த்தபோதுதான், இரும்புக் கழுத்தை ஒட்டிய இடத்தில் ரப்பர் வாய் பிளந்தது. உள்ளே பின்னிய நூலிழைகள் நனைந்து கருத்திருந்தன. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பெடலை மிதித்ததும், அந்தப் பிளவிலிருந்து ஒரு துளி திரண்டு உருண்டது.

வண்டியின் உடலோடு பொருத்திய இரும்புக் குழாயையும், பிரேக் பேடுகளை அழுத்திக்கொண்டு சக்கரத்தோடு ஆடி அசையும் காலிப்பரையும் இணைப்பது இந்த ரப்பர் ஹோஸ்தான். ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து வளைந்து அது காலத்தால் இறுகிப்போகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. ஹோஸின் உட்சுவர் உப்பியோ உரிந்தோ வழியை அடைத்துக்கொள்ளும். அப்போது மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடேறும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பக்கத்து ஹோஸ் கெட்டால் மறுபக்கத்ததும் அதே வயதுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

வேலையில் கடினமான பகுதி, இரும்புக் குழாயின் முனையிலுள்ள நட்டைக் கழற்றுவதுதான். குளிர்காலத்தில் பனிக்கட்டி உருகுவதற்காக இங்கே சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் அரிக்கிறது. அந்த நட்டு துருவில் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால், நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகி ஒடிந்துவிடும். பிறகு இரும்புக் குழாயையும் மாற்ற வேண்டியதாகிவிடும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, ஓர் இரவு முழுவதும் ஊறவிட்டேன். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். முனைகளை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிப் பிடிக்கும் பிரேக் குழாய் ஸ்பேனர் தனியாகவே கிடைக்கிறது. ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சிறிது தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, பொறுமையாக வெளியே எடுத்தேன். ஆயில் ஒழுகாதபடி திறந்த குழாய்க்கு உடனே மூடி போட்டேன்.

புதிய ஹோஸைப் பூட்டும்போது, காலிப்பர் போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. மரைகளை முதலில் கையாலேயே சுற்றி ஏற்றினேன். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்தால் அது எங்கும் உரசுகிறதா என்றும் பார்த்தேன்.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்கென்றே உள்ள சிறு திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் பெடலை மிதித்துப் பிடிப்பார். நான் நிப்பிளைத் திறந்து, குமிழ்கள் வெளியேறியதும் மூடுவேன். அதற்குப் பிறகே அவர் காலை எடுப்பார். பெடலை அடிவரை மிதித்தால், பழைய மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே உள்ள ரப்பர் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போய்த் துருவில் பட்டுக் கிழியலாம் என்பதால், பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். மேலே உள்ள ஆயில் தொட்டி வற்றாதபடி அவ்வப்போது ஊற்றிக்கொண்டேன். வற்றினால் மறுபடி காற்று ஏறிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி உள்ள வண்டியானால் அந்தக் கருவிக்குள் புகுந்த காற்றை எடுப்பது இன்னும் சிரமம்.

ஆயில் விஷயத்தில், ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். என் காருக்கு டாட் 4 என்னும் வகைப் பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு இந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே திறந்து நாளான டப்பாவிலுள்ளதைப் பயன்படுத்தக் கூடாது. எஞ்சின் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள், ரப்பர்கள் அனைத்தும் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இப்போது பெடல் கல் போல நிற்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை நன்றாக அழுத்திப் பிடித்தபடி இணைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தோம், ஈரம் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு எடுத்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உங்கள் வண்டியின் ஹோஸ்களைக் கழுத்துப் பகுதியில் வளைத்துப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் போகும் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். வெடிப்பு தெரிந்தால், மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். என்ன பார்த்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி