நிலா ஏன் விலகிப் போகிறது?

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழை விட்டதும் பங்காளிகள் எல்லோருமாகச் சேர்ந்து வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலையை ஆரம்பித்துவிட்டோம், இரண்டாங்கட்டு முழுக்கப் பழைய ஓடு குவிந்து கிடக்கிறது, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. இந்த வருஷம் ஊருணி நிரம்பிவிட்டது. ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததாக எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறதாமே, பூமி அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்றால் எப்படி விலகும், ஈர்ப்பு குறைந்துகொண்டு வருகிறதா என்று கேட்டிருந்தாய். ஈர்ப்பு குறையவில்லை சொக்கு. அந்த ஈர்ப்புதான் நிலாவை விலக வைக்கிறது! எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பூமி இழுக்கிறது, நிலா இழுபடுகிறது என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அது பாதிதான். பூமி எவ்வளவு பலத்தோடு நிலாவை இழுக்கிறதோ, இம்மி குறையாமல் அதே பலத்தோடு நிலாவும் பூமியை இழுக்கிறது. பூமியின் நிறை நிலாவைப் போல 81 மடங்கு என்பதால் அது கொஞ்சமாக அசைகிறது, அவ்வளவுதான். பெரிய ஆளும் சின்னப் பிள்ளையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினால் பெரியவரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துதானே சுற்ற வேண்டும்? இரண்டும் சுற்றிவரும் பொதுப் புள்ளி பூமியின் நடுமையத்தில் இல்லை, அங்கிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி, நம் காலுக்கு அடியில் 1,700 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

இவ்வளவு இழுத்தும் நிலா ஏன் விழவில்லை என்றால், விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நியூட்டன் போட்ட கணக்கு இது: நிலா, பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அப்படியானால் அங்கே ஈர்ப்பு 3,600-இல் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். இங்கே கையிலிருந்து நழுவும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும், அங்கே நிலா ஒரு நொடியில் சுமார் 1.4 மில்லிமீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. அந்த ஒரு நொடிக்குள் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விடுகிறது, அதனால்தான் விழுந்தும் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறது.

இப்போது உன் கேள்வி. நிலாவுக்கு நேராக இருக்கும் கடல் கிட்ட இருப்பதால் அதிகமாக இழுபடும், எதிர்ப்பக்கத்துக் கடல் தூரத்தில் இருப்பதால் குறைவாக இழுபடும், ஆக இரண்டு பக்கமும் தண்ணீர் புடைத்துக்கொள்கிறது. நம் தொண்டிக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம்தான், நீ இருக்கும் பினாங்கில் நன்றாகவே தெரியும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் இன்னும் கூடும். நிலா ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளுக்கு மேல் எடுக்கிறது, பூமியோ ஒரே நாளில் சுழன்றுவிடுகிறது. அதனால் அந்தப் புடைப்பை பூமி தன்னோடு இழுத்துக்கொண்டு நிலாவுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய்விடுகிறது. முன்னால் இருக்கும் அந்தத் தண்ணீர் மேடு நிலாவை முன்பக்கமாக இழுக்கிறது! எதிர்ப்பக்கத்து மேடு பின்னுக்கு இழுத்தாலும் தூரத்தில் இருப்பதால் கிட்டத்து மேடுதான் ஜெயிக்கிறது. (கண்டங்கள் குறுக்கே கிடப்பதால் உண்மைக் கடலில் புடைப்பு இத்தனை ஒழுங்காக இருக்காது, ஆனால் மொத்த விளைவு இதுதான்.) முன்னே இழுபட இழுபட நிலா மேல் பாதைக்கு ஏறுகிறது, தூரம் கூடுகிறது. பதிலுக்கு நிலா அந்த மேட்டைப் பின்னால் இழுப்பதால் பூமியின் சுழற்சி தளர்கிறது, நூறு வருஷத்தில் ஒரு நாளின் நீளம் சுமார் 2 மில்லிநொடி கூடுகிறது. பூமி இழக்கும் கோண உந்தம்தான் (சுற்றும் பொருளிடம் இருக்கும் சுழல் விசையின் இருப்பு என்று வைத்துக்கொள்) நிலாவுக்குப் போய்ச் சேர்கிறது.

இந்த 3.8 சென்டிமீட்டர் ஊகம் இல்லை, அளந்தது. 1969-இல் அப்பல்லோ 11-இல் போனவர்கள் நிலாவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள், இங்கிருந்து லேசர் அடித்தால் சுமார் இரண்டரை நொடியில் ஒளி திரும்பி வருகிறது, அந்த நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கிறார்கள்.

அப்புறம் செவ்வாயைப் பார், அங்கே கதை தலைகீழ். அதன் நிலா ஃபோபோஸ் எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, செவ்வாய் சுழல 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அங்கே கடல் இல்லை, தரையே இம்மியளவு புடைக்கிறது, அந்தப் புடைப்பு நிலாவுக்குப் பின்னால் விழுந்துவிடுகிறது, ஃபோபோஸைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் அது வருஷத்துக்கு 1.8 சென்டிமீட்டர் நெருங்கி வருகிறது, இன்னும் சில கோடி வருஷத்தில் சிதறிவிடும் அல்லது மோதிவிடும். அதே விதி, யார் வேகமாகச் சுற்றுகிறார்கள் என்பதுதான் விலகலையும் நெருங்கலையும் முடிவு செய்கிறது. உன் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதும் இந்த இழுப்பால்தான், பூமி அதன் சுழற்சியை எப்போதோ தளர்த்தி முடித்துவிட்டது. புளூட்டோவும் அதன் நிலா சேரனும் இன்னும் ஒரு படி மேலே, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரே முகத்தைக் காட்டியபடி 6.4 நாளில் சுற்றுகின்றன.

வைகாசியில் எனக்கு அறுபதாம் கல்யாணம். நாள் பார்த்ததும் எழுதுகிறேன், நீயும் ஆச்சியும் ஒரு வாரமாவது இங்கே தங்குவது மாதிரி டிக்கெட் போடு.

அன்புடன்,
அழகு