மத்தியானக் கரண்ட்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய விசேஷத்துக்கு வர முடியாமல் போனதில் வருத்தம்தான். இங்கே ஆடிக்காற்றில் தென்னை மட்டை ஓயாமல் விழுகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்படி அடித்தும் ஏன் இன்னும் நிலக்கரியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று கேட்டிருந்தாய். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் 1995-இல் வைத்த 9 காற்றாலையும் சேர்ந்தால் 2 மெகாவாட்தான். இன்றைக்கு அதை ஒற்றைக் காற்றாலையே தந்துவிடும். பழசை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வைக்கலாம்தான். ஆனால் உங்கள் உடுமலைப் பக்கம் போல, பழசு ஒவ்வொன்றும் ஒவ்வொரு முதலாளிக்குச் சொந்தம் என்றால் யார் இடத்தை யார் விட்டுக்கொடுப்பது? காற்று உச்சத்தில் இருக்கும்போது லைன் தாங்காது, நிறுத்து என்ற உத்தரவு வேறு. கேரளத்துக்குக் கரண்ட் கொண்டுவர 2021-இல் வந்த புகளூர்–திருச்சூர் லைனைப் பார். அது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் பெரிய லைனின் தொடர்ச்சி. அங்கே நிலக்கரிதான் ராஜா. காற்று மிஞ்சினால் அந்தப் பெரிய லைனில் வடக்கே திருப்பி அனுப்பவும் வசதி உண்டாம், அதனால் ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது.

என் வீட்டுக் கதையைக் கேள். மானியம் 78,000 ரூபாய் என்று அறிவித்ததும் 3 கிலோவாட் சோலார் போட்டேன். எங்கள் வீதியில் பலரும் போட்டுவிட்டார்கள். நாங்கள் லைனின் கடைக்கோடி. நல்ல வெயிலில் எல்லோரும் மிஞ்சிய கரண்டைக் கம்பியில் தள்ள, இன்வெர்ட்டரில் வோல்டேஜ் அளவுக்கு மீறி 255, 260 என்று ஏறும். அப்புறம் சிவப்பு விளக்கு எரியும், உற்பத்தி நின்றுவிடும். லைன்மேன் வந்து பார்த்தார், டிரான்ஸ்ஃபார்மரில் வேலை இருக்கிறது என்றார், போய்விட்டார். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது கேரளம் வெளியே கரண்ட் வாங்குகிறது. என் மத்தியானக் கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்க பேட்டரி வேண்டும். அதன் விலையைக் கேட்டால் மகன் பேச்சை மாற்றுகிறான்.

உனக்கென்ன, கிணற்று மோட்டாருக்குப் பில்லே கிடையாது. சோலார் பம்புக்கு மானியம் என்றாலும் மீதிப் பணத்தை ஏன் போடப்போகிறாய்? நானாக இருந்தாலும் போடமாட்டேன். ஆனால் அந்த இலவசக் கரண்டை வெயில் மிஞ்சுகிற நேரத்தில் மட்டும் கொடுத்தால் நிலக்கரி மிச்சமாகுமே. ராத்திரி எழுந்து மோட்டார் போட வயலுக்குப் போய் பாம்பை மிதிக்கவும் வேண்டாம். உங்கள் ஊர் விவசாயிகள் ஒத்துக்கொள்வார்களா? கேட்டு எழுது. கோவையில் பேட்டரி விலையையும் உன் மருமகனிடம் விசாரித்து வை.

அன்புடன்,
ராமசாமி