கூழாங்கல்லில் ஒரு முகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கோட்டோவியம் வெறும் சுவர் அலங்காரமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டிருந்தாய். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஒரு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது யானிஸ் ரிட்ஸோஸ் வரைந்தவற்றை. ஆமாம், நாம் விடிய விடியப் படித்த அதே கிரேக்கக் கவிஞர்தான். அவர் கூழாங்கற்களிலும் எலும்புகளிலும் மர வேர்களிலும் கறுப்பு மையால் வரைந்திருக்கிறார். படங்கள்தான் எனக்குக் கிடைத்தன. அதற்கே தூக்கம் போய்விட்டது.

அவர் வாழ்க்கை உனக்குத் தெரியும். 1948-லிருந்து 1952 வரை லெம்னோஸ், மாக்ரோனிசோஸ், ஆய் ஸ்த்ராத்திஸ் என்று தீவு தீவாக அரசியல் கைதிகளுக்கான முகாம்கள். 1967 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி கைது. யாரோஸ், பிறகு லெரோஸ், அப்புறம் சாமோஸில் வீட்டுக்காவல். மாக்ரோனிசோஸில் எழுதிய கவிதைகளைப் பாட்டிலில் போட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்தார். அப்படிப்பட்ட இடத்தில் காகிதத்தையும் கான்வாஸையும் எங்கே தேடுவது? கல்லுக்குப் பஞ்சமில்லை. குனிந்தால் கையில் கிடைக்கும்.

ஒரு கல்லைச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஒரு பக்கம் சற்றே ஒடுங்கியது. அந்த ஒடுங்கிய இடமே தாடையாகிவிட்டது. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை வளையாமல் இறங்கும் ஒரே கோடு, பழைய கிரேக்கச் சிலைகளில் பார்ப்போமே, அதே மூக்கு. கண்ணுக்கு இரண்டு வளைவு. அவ்வளவுதான். மிச்ச முகத்தைக் கல்லே கொடுத்துவிடுகிறது.

இந்தக் கோடு அந்த மண்ணில் ரொம்பப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஆதென்ஸில், இறந்தவர்களுக்கு வைக்கும் எண்ணெய்க் குடுவைகளில் வெள்ளைப் பூச்சின் மேல் இப்படித்தான் மெல்லிய கோட்டால் மனிதர்களை வரைந்தார்கள். யானிஸ் மோராலிஸ் என்ற கிரேக்க ஓவியர், 1963-ல் திறந்த ஆதென்ஸ் ஹில்டன் ஹோட்டலின் முகப்பில் கோடுகளாகவே செதுக்கியதும் இந்த வழியில் வந்ததுதான். அழகானது, மறுக்கவில்லை. ஆனால் என் மனம் அந்தக் கூழாங்கல்லிடமே போகிறது. ஹோட்டல் முகப்பின் எளிமை, மற்றதையெல்லாம் மோராலிஸ் தானே வேண்டாம் என்று விலக்கியதால் வந்தது. ரிட்ஸோஸுக்கு விலக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நாம் இந்தியன் இங்க் என்று சொல்வதைக் கிரேக்கர்கள் 'சினிக்கி மெலானி', அதாவது சீன மை என்கிறார்கள். அந்த மையை வைத்து நானும் முயன்று பார்த்தேன். தொட்டியில் கிடந்த கல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, நிப்பைத் தொட்டு இழுத்தேன். வழவழப்பான இடத்தில் மை ஒட்டாமல் திரண்டு நின்றது. சொரசொரப்பில் நூல் நூலாகக் கசிந்து பரவியது. காகிதத்தில் கை ஓடுகிற வேகம் கல்லில் செல்லாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டியிருக்கிறது. கல்லையும் விரலால் திருப்பிக்கொண்டே வர வேண்டும். தப்பினால் அழிக்க வழியில்லை. நான்காவது கல்லில்தான் ஒரு புருவம் சரியாக விழுந்தது. நிப்பும் வளைந்துவிட்டது. இனி மெல்லிய பிரஷ்தான்.

காவலாளி நடமாடும் இடத்தில், நாளை எந்தத் தீவு என்று தெரியாத நிலையில், அந்த மனிதருக்கு எப்படிக் கை நடுங்காமல் இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முகங்களில் கோபமே இல்லை, கவனித்தாயானால் தெரியும். அமைதியாக எங்கோ பார்க்கிறார்கள். படங்களைத் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன், அம்மாவுக்கும் காட்டு.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உங்கள் ஆற்றிலிருந்து ஏழெட்டுக் கல் எடுத்து வா. ரொம்ப வழவழப்பு வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து வரைவோம்.

அன்புடன்,
உன் நண்பன்